நூற்றைந்து எப்படி 1005 ஆகிறது?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். 'நூற்றைந்து ரூபாய்' என்று சொன்னால் 1005 என்று எழுதுகிறான். ஐந்து ரூபாய் ஐந்து பைசாவை 5.5 என்கிறான். தினமும் பத்து தடவை எழுத வைத்தும் மாறவில்லை. டியூஷன் வைக்கட்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: டியூஷன் இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. பத்து தடவை எழுத வைப்பதையும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். பாவம், பிள்ளைக்குக் கை வலிப்பதுதான் மிச்சம். அவன் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறான். நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5, சேர்த்து எழுதினால் 1005. அவன் கணக்குப்படி அது சரிதான்.

பழைய காலண்டர் அட்டையில் ஒரே அளவாக மூன்று கட்டம் போட்டு 100 என்று எழுதி வெட்டுங்கள். ஒரு கட்டத்தில் 5 எழுதித் தனியாக வெட்டுங்கள். அந்த 5-ஐ நூறின் கடைசிப் பூஜ்யத்தின் மேல் அவனையே வைக்கச் சொல்லுங்கள். 105 வந்துவிடும். எடுத்தால் அடியில் பூஜ்யம் அப்படியே இருக்கும். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்து எடுத்து வைத்துப் பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம் நிஜப் பணம். ஒரு நூறு ரூபாய் நோட்டும் ஐந்து ரூபாய்க் காசும் ஒரு பக்கம். இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஐந்து ரூபாய்க் காசும் இன்னொரு பக்கம். 'கடைக்காரர் நூற்றைந்து கேட்டால் எதைக் கொடுப்பாய்?' என்று கேளுங்கள்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருபது முதல் எண்பது வரை எல்லாம் 'பது' என்று முடிகிறது. தொண்ணூறில் திடீரென்று நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்? ஒன்பது பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணவைத்து 90 எழுதச் சொல்லுங்கள்.

பைசா விஷயம் வேறு. 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் 2011-லேயே செல்லாமல் போய்விட்டன. 50 பைசா இன்றும் செல்லும், ஆனால் கண்ணில் படுவதில்லை. பார்க்காத காசை அவன் எப்படி எழுதுவான்? நூறு பைசா சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். அதனால் பைசாவுக்குப் புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு நாற்காலி என்று சொல்லுங்கள். ஐந்து பைசா ஒற்றை ஆள், முதல் நாற்காலியில் பூஜ்யம் உட்கார வேண்டும்: 5.05. அவன் எழுதிய 5.5 ஐந்தரை ரூபாய், அதாவது 5.50. பாட்டி 'எட்டணா' என்று சொன்னால் அந்த 50 பைசாதான் என்று காட்டிக்கொடுங்கள். பெட்ரோல் பங்க் பலகை, மளிகை பில் எதைப் பார்த்தாலும் 'புள்ளி' என்று படிக்காமல் 'இத்தனை ரூபாய் இத்தனை பைசா' என்றே வாய்விட்டுப் படிக்கட்டும்.

எழுத்தால் எழுதப் பழக ரூபாய் நோட்டே போதும். பின்பக்கம் 15 மொழிகளில் தொகை இருக்கும். கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். அதை அவனே தேடிக் கண்டுபிடித்துப் பார்த்து எழுதட்டும். ஒரு மாதம் இப்படிப் போகட்டும். அப்போதும் இரண்டு இலக்க எண்ணிலேயே தடுமாறினால் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள், எனக்கும் எழுதுங்கள்.