மாமன் மடி

வணக்கம். என் அக்கா மகனுக்கு 19 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. பேச்சு வராது. அக்கா பல வருஷமாக எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். அதற்கும் “நீங்க நல்லபடியா நடத்துங்க” என்கிறாள். அவளை எப்படிச் சம்மதிக்கவைப்பது? பையனுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை செய்யலாமா? பணம் நான் தருகிறேன். அத்தை மகனைக் கட்டியதால்தான் இப்படி ஆனது என்கிறார்களே, உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் சில மரபணுக் குறைபாடுகளுக்கு வாய்ப்பு கூடும். ஆனால் உங்கள் மருமகனுக்கு ஆட்டிசம் வந்தது அதனால்தான் என்று யாரும் கைகாட்டிவிட முடியாது. 19 வருஷம் கழித்து அதைக் கிளறுகிறவர்கள் அக்காவின் தலையில் பழி போட வந்தவர்கள். ஸ்டெம் செல்லை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. பணத்தை வைத்திருங்கள், வேறு செலவு வரும்.

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் மண்டப வாடகை இருக்கிறது, சமையல்காரர் கேட்ட முன்பணம் இருக்கிறது. பையனின் பெயர் இல்லை. என்ன சாப்பிடுவான், எதற்குச் சிரிப்பான், எந்தச் சத்தம் ஆகாது, ஒரு வரி இல்லை. மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே அவனுக்குக் காது குத்தியிருப்பார்கள்? அதற்கப்புறம் அவன் பக்கத்தில் எப்போது உட்கார்ந்தீர்கள்?

என் பெரியம்மா மகனும் இப்படித்தான். அந்தக் காலத்தில் அதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் பெயர் தெரியாது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டுவான் என்று, எல்லார் வீட்டிலும் மிக்ஸி வந்த பிறகும் பெரியம்மா அம்மியில்தான் அரைத்தாள். அவளைக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குச் சேர்த்தபோது அண்ணனை எங்கள் வீட்டில் விட்டார்கள். அம்மா அன்பாகத்தான் சாம்பார் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள். தட்டைத் தள்ளிவிட்டான். மறுபடி பிசைந்தாள், மறுபடி தள்ளினான். ராத்திரி வரை பட்டினி. “பிடிவாதம்” என்றார் அப்பா. கடைசியில் பெரியம்மா வீட்டுக்குத் தினமும் டிவி பார்க்கப் போகும் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து, “சோறு தனியா, கொழம்பு தனியா வைங்க அத்தே, ஒட்டக் கூடாது” என்றாள். வைத்தோம். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அத்தனை வருஷம் பக்கத்துத் தெருவில் இருந்த சொந்தத்துக்குத் தெரியாதது, டிவி பார்க்க வந்த பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் அக்காவுக்கு என்ன வயது? ஐம்பதைத் தாண்டியிருக்கும். ராத்திரி அவருக்குத் தூக்கம் வராததன் காரணம் உங்கள் மகள் கல்யாணம் இல்லை. தனக்குப் பிறகு இவனுக்கு யார் என்பதுதான். பையனுக்கு 18 முடிந்ததும் சட்டப்படி அவன் மேஜர். அவன் பெயரில் உள்ள பணம், சொத்து விஷயத்தில் அம்மா என்பதற்காக மட்டும் அவரால் கையெழுத்துப் போட முடியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி சட்டப்பூர்வப் பாதுகாவலராக நியமனம் வாங்க வேண்டும். கலெக்டர் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் மனு. பெற்றோர் கேட்கலாம், உறவினரும் கேட்கலாம். நியமனமானதும் 6 மாதத்துக்குள் அவனுடைய சொத்து விவரம் கொடுக்க வேண்டும், பிறகு வருஷா வருஷம் கணக்கு. இதெல்லாம் அக்கா வீட்டில் நடந்திருக்கிறதா? கேட்டிருக்கிறீர்களா?

உடனே “என் பெயரைப் போட்டுக்கோ அக்கா” என்று கிளம்பிவிடாதீர்கள். சொத்துக்கு அடிபோடுகிறான் என்றுதான் நினைப்பார், நினைப்பதும் நியாயம். சோறும் குழம்பும் ஒட்டலாமா கூடாதா என்று தெரியாத ஆளிடம் எந்த அம்மா பிள்ளையை எழுதிவைப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போங்கள். பழம், பிஸ்கட், அறிவுரை எதுவும் வேண்டாம். முதல் சில வாரம் அக்கா இருக்கும்போதே அவனோடு சும்மா உட்காருங்கள். அவன் உங்களைப் பார்க்கவே மாட்டான், எழுந்து போய்விடுவான், போகட்டும். கழிப்பறைக்கு எப்படிச் சொல்வான், மாத்திரை எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவனுக்கு நீங்கள் பழகியபிறகு அக்காவை வெளியே அனுப்புங்கள். எங்கே போகிறாய் என்று கேட்காதீர்கள். ஜவுளிக் கடைக்குப் போகட்டும், தோழி வீட்டில் படுத்துத் தூங்கட்டும். வீட்டாருக்குச் சற்று ஓய்வு கிடைக்க, இவனைப் போன்றவர்களைக் கொஞ்ச நாள் தங்கவைத்துக் கவனிக்கும் இல்லங்களுக்கென்று தேசிய அறக்கட்டளையில் ‘சமர்த்’ என்றொரு திட்டம் உண்டு. அப்படியொன்று உங்கள் ஊரில் இருந்தால் விசாரியுங்கள், நல்லதுதான். தாய்மாமனுக்கு எந்தத் திட்டமும் தேவையில்லை.

கல்யாணத்துக்கு வருவாரா? தெரியாது. மண்டபத்தில் செண்டை மேளமும் வெடியும் உண்டா? உண்டென்றால் அவர் வராமலிருப்பதே சரி. வேண்டாமென்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்ல உங்களுக்கு வாய் வந்தால், சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். பத்திரிகையில் அவன் பெயரையும் போடுங்கள்.