வாசகர் கேள்வி: கோடு போட்டவர் ஒருவர், படம் யாருடையது?

கேள்வி: 1989-ஆம் ஆண்டு நியூயார்க் ஓவியர் கீத் ஹாரிங் சிகாகோவுக்கு வந்து, பள்ளி மாணவர்களுடன் சேர்ந்து மிக நீளமான ஓவியம் ஒன்றைத் தீட்டியதாகப் படித்தேன். கோடுகள் முழுவதையும் அவரே வரைந்துவிட, மாணவர்கள் வண்ணம் மட்டும் பூசினார்களாமே? அதை மாணவர்களின் படைப்பு என்று சொல்வது சரிதானா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: தாங்கள் படித்தது உண்மைதான். அவ்வாண்டு மே மாதத்தில் கிராண்ட் பூங்காவில் 488 அடி நீளத்துக்கு வெள்ளையடித்த பலகைகளை வரிசையாக நிறுத்தி, ஹாரிங் தம் வழக்கப்படி முன்வரைவு எதுவுமின்றி, தூரிகையை எடுத்தவுடன் தடித்த கறுப்புக் கோடுகளால் ஆடும் உருவங்களையும் பின்னிப் பிணைந்த உடல்களையும் வரைந்துகொண்டே போனார். பிறகு சிகாகோ அரசுப் பள்ளிகளின் மாணவர்கள் ஏறத்தாழ 500 பேர் அந்தக் கோடுகளுக்கு இடையே வண்ணம் நிரப்பினார்கள். (நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் சுண்ணக்கட்டியால் கிறுக்கியதற்காகக் காவலரிடம் பிடிபட்டவரைப் பள்ளிகளே அழைத்து வந்து வரையச் சொன்னதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.)

அந்தக் கோட்டின் தடிமனைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். தூரிகை பிடித்துப் பழகாத பிள்ளையின் கை சற்றே விலகினாலும் அந்தப் பிசகு கோட்டின் அகலத்துக்குள் அடங்கிவிடும். சில நாள்களுக்குள் 500 பேருக்கும் இடம் கொடுத்து, ஒருவர் பூசியது மற்றவர் பூசியதைக் கெடுக்காமல் காப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆயினும் எதை வரைவது என்று தீர்மானித்தவர் ஹாரிங் ஒருவரே. ஆகவே அதை மாணவர்களின் கைபட்ட ஹாரிங் ஓவியம் என்று சொல்வதே நேர்மை. 1986-இல் சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக்காக நியூயார்க்கில் ஏறத்தாழ 1,000 இளையோருடன் அவர் உருவாக்கிய பெருந்திரையில், சிலையின் புறக்கோடு மட்டுமே அவருடையது. உள்ளே இருந்த சொற்களும் சித்திரங்களும் இளையோருடையவை. ஆகவே அதில் அவர்களுக்குக் கூடுதல் பங்கு உண்டு என்பேன்.

சிகாகோ ஓவியத்துக்கு நேர்மாறான எடுத்துக்காட்டு லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர் என்ற சுவரோவியம். அதை முன்னின்று நடத்திய ஜூடி பாக்கா வெளியூரிலிருந்து வந்தவர் அல்லர், அந்த நகரத்திலேயே பிறந்தவர். 1976-இல், காவல்துறையும் நீதிமன்றமும் அனுப்பிய இளைஞர்கள் 80 பேரைக் கொண்டு, டுஹங்கா வெள்ள வடிகாலின் கான்கிரீட் சுவரில் அவர் வேலையைத் தொடங்கினார். 1983 வரை ஐந்து கோடைகளில் 400-க்கும் மேற்பட்ட இளையோர் தீட்டியதில் சுவரோவியம் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு வளர்ந்தது. பாடநூல்கள் விட்டுவிட்ட பழங்குடியினர், மெக்சிகோ வழிவந்தோர், ஆப்பிரிக்க, ஆசிய வழிவந்தோர் ஆகியோரின் கலிபோர்னிய வரலாற்றைத் தேடும் பணியில் வரலாற்றாசிரியர்களும் கூட இருந்தார்கள் என்பதால், பிள்ளைகள் தூரிகையைத் தொடுமுன் எதைத் தீட்டப் போகிறோம், ஏன் தீட்டுகிறோம் என்பதை அறிந்திருந்தார்கள். அதற்குக் கோடைக்குப் பின் கோடை பிடித்தது. ஒரு வாரம் தங்கிப் போகிற விருந்தாளி ஓவியரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

கேள்வி: அந்த ஓவியங்கள் இன்றும் இருக்கின்றனவா?
(அதே வாசகி)

பதில்: இருக்கின்றன. சிகாகோ ஓவியம் பலகைகளில் தீட்டப்பட்டதால் கழற்றி எடுத்துச் செல்ல முடிந்தது; 2018-இல் அவற்றில் ஒரு பகுதியைச் சிகாகோ பண்பாட்டு மையத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஹாரிங் அவற்றைத் தீட்டிய மறு ஆண்டே, 1990 பிப்ரவரியில், எய்ட்ஸ் நோயால் 31 வயதில் இறந்துபோனார். பெருஞ்சுவரைப் பெயர்த்தெடுக்க வழியில்லை. வெயிலிலும் வெள்ளத்திலும் மங்கிய அதனை 2011-இல் புதுப்பித்தார்கள்.