ஒன்றும் களவு போகவில்லை, பிறகு எப்படி வீடுடைப்பு வழக்கு?

கேள்வி: வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்யும் என் மச்சானைப் பொலிஸ் பிடித்திருக்கிறது. இரவு ஒரு வீட்டின் பின் ஜன்னலால் உள்ளே போனாராம். வீட்டுக்காரர் எழும்பிக் கத்தியதும் ஓடியிருக்கிறார். ஒரு பொருளும் எடுக்கவில்லை. அப்படியிருந்தும் வீடுடைப்பு என்கிறார்கள். சிறைக்குப் போக வேண்டி வருமா?

பதில்: நான் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்காக இருக்கிறேன். சட்டத்தரணி இல்லை, அதனால் இதை வைத்துக்கொண்டு வழக்காட வேண்டாம்.

"ஒன்றும் எடுக்கவில்லையே" என்பதைத்தான் எல்லாக் குடும்பமும் முதலில் பிடித்துக்கொள்ளும். அதனால் வழக்கு விழாது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் களவு ஒரு குற்றம், வீடுடைத்தல் வேறொரு குற்றம். பூட்டை உடைத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆள் போய்வர வைக்காத வழியால் நுழைந்தாலே போதும். திறந்து கிடந்த ஜன்னலும் அந்தக் கணக்குத்தான். முழு ஆளும் உள்ளே போகத் தேவையில்லை, கையை விட்டாலும் நுழைவுதான். பொழுது பட்டு விடிவதற்குள் நடந்திருந்தால் தண்டனை இன்னும் கூடும்.

அப்போ எதை வைத்து வழக்காடுவது? எந்த நோக்கத்தோடு போனார் என்பதை வைத்துத்தான். குற்றம் செய்ய, அல்லது வீட்டிலுள்ளவரை மிரட்ட, அவமதிக்க, தொந்தரவு செய்யப் போனார் என்று காட்ட வேண்டியது வழக்குத் தொடுப்பவரின் பொறுப்பு. சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரும் கையில் கையுறையும் இருந்தால் நீதவானுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. குடிவெறியில் வீடு மாறி ஏறியவரின் கதை வேறு. காதல் விவகாரத்தில் மதில் ஏறிய பொடியன்களும் இந்தக் குற்றச்சாட்டில் வந்து நிற்பதுண்டு. மச்சானின் உண்மைக் கதை எதுவோ, அதைச் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வாக்குமூலம்தான். நம்மவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். பொலிஸில் அது பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். அடியில் விரலை வைத்து "இங்க சைன் பண்ணு" என்பார்கள், வெளியே போனால் போதும் என்று பொடியன் போட்டுவிடுவான். குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவுப்படி அவருக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும். திருத்தவோ சேர்க்கவோ அவருக்கு உரிமை உண்டு. பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது என்பது உண்மைதான். ஆனால் அவர் சொல்லி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு வழிகாட்டிய பகுதி சாட்சியமாக வரும்.

பிடித்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். விளக்கமறியல் (விசாரணை நடக்கும்போது அடைத்து வைப்பது) என்றால் தண்டனை என்று அழ வேண்டாம். 1997ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதுதான் பொது விதி, மறுப்பது விதிவிலக்கு. தலைமறைவாவார், சாட்சிகளைக் குழப்புவார், திரும்பவும் குற்றம் செய்வார் என்று நம்பக் காரணம் இருந்தால் மறுக்கலாம். ஆகவே அந்த வீட்டுக்காரரிடம் "பேசி முடிக்க" யாரையும் அனுப்பாதீர்கள். நல்ல மனதோடு போனாலும் அது சாட்சியை மிரட்டிய கதையாகிவிடும். சரீரப் பிணைக்கு, அதாவது அவருக்காகப் பொறுப்பு நிற்க வருபவர்களிடம் கிராம உத்தியோகத்தரின் கடிதம் கேட்பது வழக்கம். மச்சான் மலையகத்தில் இருந்து வந்தவர் என்றால் பிணையாளிகளும் கடிதங்களும் ஊரில் இருந்துதான் வர வேண்டும். ஆகவே இன்றைக்கே போன் போடுங்கள்.

தண்டனை? சாதாரணக் களவுக்கு 3 வருடம் வரை, குடியிருக்கும் வீட்டில் களவெடுத்தால் 7 வருடம் வரை. உங்கள் விடயத்தில் களவு இல்லாததால் நுழைவுக் குற்றத்தை மட்டும் பார்ப்பார்கள். விதிக்கும் சிறைக்காலம் 2 வருடத்துக்கு மேற்படாவிட்டால் அதை ஒத்திவைக்கவும், அதாவது திரும்பக் குற்றம் செய்யாதவரை உள்ளே போகாமல் விடவும், நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முதல் தடவை மாட்டிய இளைஞருக்குச் சட்டத்தரணி அதைத்தான் கேட்பார். ஆனாலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால், வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் சான்றிதழ் எடுக்கும் நேரத்தில் அது வந்து நிற்கும்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், வருமானத்தைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். எங்கே போனாலும் முதலில் பொலிஸில் 'பி' அறிக்கை (பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வந்தால் வழக்கைத் தேடிப் பிடிக்கவே எங்களுக்கு அரை நாள் போய்விடும்.