எத்திலீன் உபரியும் கொரியாவின் கவலையும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தென் கொரியாவின் பெட்ரோ ரசாயன நிறுவனங்கள் சில ஆண்டுகளாக நட்டக் கணக்கே காட்டுகின்றன. இந்தத் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வருவது வழக்கம்தானே? பொறுத்திருந்தால் சரியாகிவிடாதா?

பதில்: வழக்கம்தான். விலை ஏறும்போது எல்லோரும் ஆலை கட்டுவார்கள். அவை உற்பத்திக்கு வரும் நேரத்தில் விலை சரியும். பிறகு தேவை வளர்ந்து உபரியை விழுங்கிவிடும். ஆனால், கொரியாவைப் பொறுத்தவரை அந்த உபரியை விழுங்கி வந்தது பெரும்பாலும் சீனாதான். ஒரு காலத்தில் கொரியாவின் பெட்ரோ ரசாயன ஏற்றுமதியில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஒரே நாட்டுக்குச் சென்றது. இன்று, பிளாஸ்டிக் முதலியவற்றுக்கு அடிப்படை மூலப்பொருளான எத்திலீனில் சீனாவின் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 5 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. கொரியாவினுடையது சுமார் 1.3 கோடி டன். வாடிக்கையாளரே எதிரில் கடை போட்டுவிட்ட பிறகு, வியாபாரம் மந்தமாக இருக்கிறது என்று சொல்லிக் காத்திருப்பதில் பொருளில்லை.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. பாலியெஸ்டர் இழைக்கு மூலப்பொருளான பி.டி.ஏ.வைச் சீனா ஒருகாலத்தில் கொரியாவிடமிருந்து பெருமளவில் வாங்கி வந்தது. 2010களின் தொடக்கத்தில் அங்கே சொந்த ஆலைகள் வரிசையாக எழும்பியதும் அந்த ஏற்றுமதி சில ஆண்டுகளிலேயே கரைந்தது. அது திரும்பி வரவில்லை.

கேள்வி: சவூதி அரேபியாவும் அமெரிக்காவும் மலிவாக விற்பது புரிகிறது, அவர்களிடம் எரிவாயு இருக்கிறது. சீனா பெரும்பாலும் கொரியாவைப் போலவே, கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாப்தாவைத்தானே பயன்படுத்துகிறது? அதனிடம் கொரியா ஏன் தோற்க வேண்டும்?

பதில்: முதலில் உலைக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். நாப்தாவை நீராவியுடன் கலந்து, 800 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறிய குழாய்களுக்குள் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஓடவிட்டு, வெளிவரும் வாயுவை உடனே குளிர்விக்கிறார்கள். ஒரு டன் நாப்தாவிலிருந்து கிடைக்கும் எத்திலீன் ஏறத்தாழ 300 கிலோதான். மீதி புரோப்பிலீன், பியூட்டாடையீன், பென்சீன் எனப் பிரிந்துபோகிறது. சவூதியும் அமெரிக்காவும் எரிவாயுவிலிருந்து பிரித்தெடுக்கும் ஈத்தேனை ஒரு டன் இதேபோல் உடைத்தால் சுமார் 800 கிலோ எத்திலீன் கிடைக்கும். எத்திலீனுக்கும் நாப்தாவுக்கும் இடையிலான விலை வித்தியாசம் டன்னுக்குச் சுமார் 300 டாலர் இருந்தால்தான் நாப்தா ஆலைக்குக் கட்டுப்படியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. அண்மை ஆண்டுகளில் அது 200 டாலருக்கும் கீழே இறங்கிய மாதங்கள் பல.

இதே நாப்தாவை வைத்துக்கொண்டு சீனா எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்றால், அங்குள்ள புதிய வளாகங்கள் கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பையும் ரசாயன உற்பத்தியையும் ஒரே வேலிக்குள் வைத்திருக்கின்றன. சௌஷான் தீவில் உள்ள செச்சியாங் பெட்ரோகெமிக்கல் வளாகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொரியாவிலோ பல ஆலைகள் நாப்தாவை வெளியில் வாங்கியே காலம் தள்ளுகின்றன. இவற்றைவிட முக்கியமானது நோக்கம் என்று நான் கருதுகிறேன்: இறக்குமதியைச் சாராதிருப்பதையே குறியாகக் கொண்டு ஆலை கட்டும் நாடு, லாபம் குறைந்தது என்பதற்காக உற்பத்தியை நிறுத்திவிடாது.

கேள்வி: அப்படியானால் பழைய ஆலைகளை மூடிவிடலாமே? ஏன் இவ்வளவு இழுபறி?

பதில்: மூட வேண்டும் என்பதில் இப்போது கருத்து வேறுபாடு இல்லை. 2025 ஆகஸ்ட் மாதம் 10 நிறுவனங்கள் அரசுடன் உடன்பாடு செய்துகொண்டு, 27 இலட்சம் முதல் 37 இலட்சம் டன் வரை எத்திலீன் திறனைக் குறைக்க ஒப்புக்கொண்டன. யார் மூடுவது என்பதில்தான் சிக்கல். ஒருவர் மூடினால் விலை ஏறும். அந்த லாபம் மூடாதவருக்குப் போகும். அதனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொழில்நுட்பத் தடையும் உண்டு. எத்திலீனைக் கப்பலில் அனுப்ப வேண்டுமானால் கடுங்குளிரில் திரவமாக்க வேண்டும். ஆகவே யோசு, உல்சான், டேசான் ஆகிய மூன்று வளாகங்களிலும் அது பெரும்பாலும் குழாய் வழியாகவே பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. ஓர் உலை நின்றால் அந்தக் குழாயின் மறுமுனையில் பாலிஎத்திலீன் தயாரிப்பவரும் நிற்க நேரும். எனவே தனித்தனியாக மூடுவதைவிட இணைத்து மூடுவதே நடைமுறைக்கு உகந்தது. டேசானில் லோட்டே கெமிக்கலும் எச்.டி. ஹூண்டாய் கெமிக்கலும் இணைவதற்கான திட்டத்தை 2025 நவம்பரில் அரசிடம் அளித்தது இந்த வழியில்தான்.

ஜப்பான் இந்த வேலையைப் பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. 2014இல் கஷிமா, 2015இல் சிபா, 2016இல் மிசுஷிமா என ஆண்டுக்கொரு எத்திலீன் ஆலை அங்கே மூடப்பட்டது. கொரியாவிலோ, மற்றவர்கள் குறைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், சவூதி அராம்கோ பெரும்பங்கு வைத்திருக்கும் எஸ்-ஆயில் நிறுவனம் ஆண்டுக்கு 18 இலட்சம் டன் எத்திலீன் தரும் ஷாஹீன் திட்டத்தை உல்சானில் கட்டி வந்தது. புதிய, திறன்மிக்க ஆலையை நிறுத்தச் சொல்வது எப்படி என்று கேட்பவர்களின் வாதமும் தள்ளத்தக்கதன்று. அது உற்பத்திக்கு வந்தால் குறைப்பின் பெரும்பங்கு கரைந்துவிடும் என்பதும் கூட்டல் கழித்தலில் தெரிகிறது.

கேள்வி: சிறப்பு வேதிப்பொருள்களுக்கு மாறிவிட்டால் தப்பிக்கலாமா?

பதில்: ஓரளவு தப்பிக்கலாம். குறைமின்கடத்திகளுக்கும் மின்கலங்களுக்கும் வேண்டிய பொருள்களில் விலையும் லாபமும் கூடுதல்தான்; ஆனால் அவை விற்பனையாகும் அளவு சிறிது. இலட்சக்கணக்கான டன் எத்திலீனை உருவாக்கும் உலைக்கு அந்தச் சந்தை ஈடாகாது. தவிர, மின்கலப் பொருள்களிலும் சீனா முன்னே நிற்கிறது.