நெதர்லாந்துக்காரர் எப்படி 'டச்' ஆனார்? நாட்டவர் பெயர்கள்: கேள்வி பதில்

கே: நாடு நெதர்லாந்து, ஆள் மட்டும் ஏன் 'டச்'?

ப: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பழைய ஜெர்மானிய மொழிகளில் 'மக்களுடைய' என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது, படித்தவர்களின் லத்தீன் அல்லாத சாதாரண மக்கள் பேச்சை அப்படிச் சொன்னார்கள். அதுவே ஜெர்மனியில் 'டொய்ச்' ஆனது, ஆங்கிலத்தில் 'டச்' ஆனது. முதலில் ஆங்கிலேயர் ஜெர்மானியர், நெதர்லாந்துக்காரர் என இரு தரப்பையுமே டச் என்றுதான் அழைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கடல் வணிகத்திலும் போரிலும் அவர்கள் ஓயாமல் மோதியது நெதர்லாந்துக்காரர்களோடு, அதனால் பெயர் அவர்களிடமே தங்கிவிட்டது. அமெரிக்காவில் 'பென்சில்வேனியா டச்' எனப்படுவோர் இன்றும் ஜெர்மன் வழியினர்தான். அப்புறம், நாம் சொல்லும் 'ஒல்லாந்தர்' ஹாலந்திலிருந்து வந்தது. அந்நாட்டின் 12 மாகாணங்களில் 2 மட்டுமே ஹாலந்து.

கே: மலேசியத் தமிழர் ஒருவரை 'மலாய்' என்று எழுதிவிட்டேன், வருத்தப்பட்டார். அவ்வளவு பெரிய தவறா?

ப: ஆமாம், மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். மலாய் என்பது இனம், மலேசியன் என்பது குடியுரிமை. சிங்கப்பூரில் இருக்கும் மலாய்க்காரர் மலேசியர் இல்லை, மலேசியாவின் கிள்ளான் நகரில் பிறந்து வளர்ந்த தமிழர் முழு மலேசியர்.

கே: ஆப்கானிஸ்தான்காரர் 'ஆப்கானி' தானே?

ப: இல்லை, ஆப்கானி அவர்கள் நாட்டுப் பணம். ஆள் 'ஆப்கான்'.

கே: 'எ சைனீஸ்' என்று எழுதலாமா?

ப: இலக்கணப்படி சரி, ஒருமைக்கும் பன்மைக்கும் அதே சொல்தான். கடைசியில் வரும் 'ஸ்' பன்மை விகுதி என்று நினைத்து அதை வெட்டி 'சைனீ' என்று சிலர் சொல்லப்போய், அது வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. ஒருவரைக் குறிக்க 'எ சைனீஸ்' என்பதும் இப்போது பலர் காதுக்கு உறுத்துகிறது, 'சைனீஸ் பெர்சன்' என்றே எழுதுங்கள்.

கே: இலங்கையருக்கு 'சிலோனீஸ்'?

ப: 1972ல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா ஆனது, அதிலிருந்து 'ஸ்ரீலங்கன்'.

கே: போட்ஸ்வானா நாட்டவரை 'போட்ஸ்வானன்' என்றால்?

ப: சிலர் அப்படியும் எழுதுகிறார்கள். ஆனால் அவர்களே சொல்வது ஒருவர் என்றால் 'மோட்ஸ்வானா', பலர் என்றால் 'பாட்ஸ்வானா'. அவர்கள் மொழியில் பன்மைக்குச் சொல்லின் முன்பகுதி மாறும். ஆங்கில அகராதிகளும் இதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கின்றன, நீங்களும் தயங்காமல் எழுதுங்கள்.