முதல் ஏ.ஏ. மீட்டிங்குக்கு அவரை எப்படி அனுப்புவது?

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கணவருக்குப் பீன்யாவில் வேலை. பத்து வருஷமாகத் தினமும் ஒரு குவார்ட்டர், சனிக்கிழமை ஆஃப். காலையில் எழுந்தால் கை நடுங்குகிறது. இப்போது அவரே விட வேண்டும் என்கிறார். பெங்களூரில் தமிழில் ஏ.ஏ. மீட்டிங் நடக்குமா? எவ்வளவு செலவாகும்? கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?"

அவர் வாயாலேயே 'விடணும்' என்று வந்துவிட்டது. ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு. அதில் சேர இது ஒன்றே தகுதி. ஆனால் காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பார்த்துவிடுவோம். கோயிலில் கயிறு கட்டி, கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கி, அன்றிரவோடு மொத்தமாக நிறுத்த வைக்காதீர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று குடி நின்றால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறும், இல்லாத உருவங்கள் தெரியும், ஜுரமும் வியர்வையும் ஏறும். கவனிக்காவிட்டால் இது உயிரையே எடுத்துவிடும். அதனால் முதலில் டாக்டர். ஓசூர் ரோடு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மீட்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நடுக்கத்துக்கு மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்து அந்த நாட்களைக் கடத்திவிடுவார்கள். நாளை மறுநாள் என்று தள்ளாமல் உடனே கூட்டிப் போங்கள். வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். குடித்தவர் மறுபடி குடிக்காமல் நிற்கக் குழு துணை செய்யும். இந்த முதல் சில நாட்களை மருத்துவம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி குழுவைத் தேடும் வேலை. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாக மீட்டிங் பட்டியலும் உதவி எண்களும் இருக்கின்றன. நிமான்ஸில் கவுன்சலிங் செய்பவரைக் கேட்டாலும் பக்கத்துக் குழுவைச் சொல்வார். பட்டியலை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். குழுக்கள் பெரும்பாலும் சர்ச் ஹால், பள்ளிக்கூட அறை என்று இரவல் இடத்தில் கூடுபவை. இடமும் கிழமையும் மாறும். பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பி வருகிறவர் வழியிலேயே குடித்துவிட வாய்ப்பு அதிகம். அதனால் முன்கூட்டியே போன் போட்டு, இன்றைக்கு நடக்கிறதா, எந்த மொழியில் பேசுவார்கள், ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டு மீட்டிங்கா என்று கேளுங்கள். ஓப்பன் என்றால் நீங்களும் கூட உட்காரலாம். க்ளோஸ்டு என்றால் குடியை விட நினைப்பவர்கள் மட்டும். "முதல் தடவை வருகிறார், தமிழ் பேசுகிற ஒருத்தர் கேட்டிலேயே நிற்க முடியுமா?" என்றும் கேளுங்கள். தயங்கவே வேண்டாம், புதிதாக வருபவரைக் கைபிடித்து அழைத்துப் போவதைத் தங்கள் கடமையாகவே நினைப்பவர்கள் அவர்கள்.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். தொடக்கத்தில் சில வாசகங்களைப் படிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயரைச் சொல்லி, குடித்த காலத்தையும் விட்ட விதத்தையும் பேசுவார்கள். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், அறிவுரையும் இல்லை. பேசப் பிடிக்காவிட்டால் "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்றால் போதும். முழுப்பெயர், ஆதார், கம்பெனி பெயர் எதையும் கேட்கமாட்டார்கள். அங்கே பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அவர்களின் கட்டுப்பாடு. கட்டணம் கிடையாது. முடிவில் ஒரு பை சுற்றி வரும். உறுப்பினர்கள் இஷ்டப்பட்டதைப் போடுவார்கள், புதியவர் போட வேண்டியதில்லை. பணம் கட்டச் சொன்னாலோ, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். சர்ச் ஹாலில் கூடினாலும் இது மதக் கூட்டம் இல்லை என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் தடுக்குவது இரண்டாவது வாரத்தில்தான். "அங்கே இருக்கிறவன் வீட்டையே விற்றுக் குடித்தவன், நான் அவ்வளவு மோசமில்லை" என்பார். அப்போது வாதாடாமல், வேறொரு குழுவுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் வேறுபடும். மூன்று நான்கு இடம் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும். ஷிப்ட் வேலைக்கு நடுவிலும் வாரத்துக்கு மூன்று மீட்டிங் முயலலாம், அதில் ஒன்று கட்டாயம் சனிக்கிழமை மாலை. ஆஃப் வாங்கும் அதே நேரத்தில் அவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். சில வாரங்களில், நெடுநாளாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது வழித்துணையாகக் கேட்டுக்கொள்ளலாம். குடிக்கத் தோன்றும்போது முதல் கிளாஸைத் தொடும் முன்பே அவருக்குப் போன் போட வேண்டும். இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால் வெட்கப்பட்டு நின்றுவிடக் கூடாது. அடுத்த மீட்டிங்குக்கே போகலாம், யாரும் விரட்டமாட்டார்கள்.

சாப்பாட்டில் கலந்து கொடுங்கள் என்று விற்கும் பொடியை மட்டும் வாங்கிவிடாதீர்கள், தாயே. அதில் டைசல்ஃபிராம் (மதுவோடு சேர்ந்தால் உடம்பைப் படுத்தும் மருந்து) கலந்திருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்தை டாக்டர் சோதித்து, அவர் சம்மதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. குடிப்பவரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்காக நடப்பது அல்-அனான். அவர் மீட்டிங்குக்குப் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். பாட்டிலை ஒளிப்பது, கம்பெனிக்கு "ஜுரம்" என்று போன் போடுவது, கடனை அடைப்பது, இவற்றை எங்கே நிறுத்துவது என்று அதே பாடுபட்ட பெண்கள் அங்கே பேசுவார்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் அவர் கை ஓங்கினால் மீட்டிங், மாத்திரை எல்லாம் பிறகு. பிள்ளைகளோடு வெளியேறி 112-ஐக் கூப்பிடுங்கள்.