கப்பல் காத்திருக்காது: நார்வே கடலோரப் பயணம், வாசகர் கேள்வி-பதில்

நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் முதல் வடகிழக்குக் கோடியில் உள்ள கிர்க்கெனஸ் வரை கப்பலில் போய்வருவது பற்றித் தம்பதியராகத் திட்டமிடும் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இந்த இதழில்.

இதற்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? போகும் வழி மட்டும் போதுமா, திரும்பியும் கப்பலிலேயே வரலாமா? எந்த மாதம் நல்லது? (கோயம்புத்தூர் வாசகர்)

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது நீச்சல்குளமும் நடன அரங்கும் கொண்ட உல்லாசக் கப்பல் அல்ல. 1893இல் ரிச்சர்ட் வித் என்ற மாலுமி தொடங்கிய தபால், சரக்குப் போக்குவரத்தின் தொடர்ச்சி. இன்றும் ஊர்க்காரர்கள் ஒரு துறைமுகத்தில் ஏறி அடுத்ததில் இறங்குவார்கள். பெட்டிகள் ஏறும், இறங்கும். ஹுர்டிக்ரூட்டன், ஹாவிலா என்ற இரு நிறுவனங்களின் 11 கப்பல்கள் முறைவைத்து ஓடுகின்றன. நிற்கும் துறைமுகங்கள் 34. எல்லாமே கால அட்டவணைப்படிதான்.

வடக்கே போக 6 இரவு, திரும்ப 5 இரவு. மொத்தம் 12 நாள். வடக்கே போகும்போது இரவில் கடக்கும் ஊர்கள் பல, திரும்பும்போது பகலில் வருமாறு அட்டவணை அமைந்திருக்கிறது. உதாரணத்துக்கு வெஸ்டரோலன் தீவுகளைப் போகும்போது தூக்கத்தில் கடந்துவிடுவீர்கள். திரும்பும்போது ஹார்ஸ்டாட் காலையில் வரும், மலைகளுக்கு நடுவே நெளியும் ராஃப்ட்சுண்ட் நீரிணை பிற்பகலில் வரும். முழுப் பயணத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஆகவே நாளும் பணமும் இருந்தால் இருவழியும் போங்கள். ஒருவழிதான் முடியும் என்றால் வடக்கு நோக்கிய வழியைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட நிறுத்தங்கள் அதில்தான் அதிகம். கிர்க்கெனஸிலிருந்து ஆஸ்லோவுக்கு விமானத்தில் சுமார் 2 மணி நேரம்.

மாதம் உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. நள்ளிரவுச் சூரியன் வேண்டுமென்றால் மே கடைசியிலிருந்து ஜூலை 20 வரை. வட துருவ ஒளி வேண்டுமென்றால் செப்டம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. கோடையில் வானம் இருட்டுவதே இல்லை. டிசம்பரில் ட்ரோம்சோவுக்கு வடக்கே சூரியன் உதிப்பதே இல்லை என்பதால் கரையைப் பார்க்கச் சில மணி நேர மங்கல் வெளிச்சம்தான் கிடைக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு மார்ச் நல்ல சமரசம்: பகலும் இருக்கும், இருட்டும் இருக்கும், மலையில் பனியும் இருக்கும்.

பெர்கனுக்கு ஒருநாள் முன்னதாகவே போய்விடுங்கள். விமானம் தாமதமானாலோ பெட்டி வராமல் போனாலோ அந்த ஒருநாள்தான் காப்பாற்றும்.

துறைமுகங்களில் இறங்கி நாங்களே சுற்றலாமா? கப்பலில் விற்கும் சுற்றுலாக்களை வாங்கியே ஆக வேண்டுமா? (சேலம் வாசகி)

முதலில் நிறுத்தத்தின் நீளத்தைப் பாருங்கள். சிற்றூர்களில் 15 நிமிடம்தான்; கரையில் கால் வைத்துப் படம் எடுத்துவிட்டு ஏறிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் ஊர்களில் தனியாகவே சுற்றலாம். ட்ரோண்ட்ஹெய்மில் வடக்கு நோக்கிப் போகும்போது சுமார் 3 மணி நேரம் கிடைக்கும். துறையிலிருந்து நிதாரோஸ் பேராலயம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர், அரைமணி நடை. திரும்பும்போது அதே ஊருக்கு அதிகாலையிலேயே வந்துவிடுவதால் பேராலயம் பூட்டியிருக்கும். உள்ளே பார்க்க நினைப்பவர்கள் போகும்போதே பார்த்துவிட வேண்டும். ட்ரோம்சோவில் 4 மணி நேரம். ஓலசுண்டில் ஆக்ஸ்லா குன்றுக்கு 418 படி. 1904 தீவிபத்தில் எரிந்து, சில ஆண்டுகளிலேயே ஒரே கட்டடப் பாணியில் மீண்டும் எழுந்த நகரம் அது. மேலேயிருந்து பார்த்தால்தான் அந்த ஒழுங்கு தெரியும்.

ஓரிடத்தில் மட்டும் கப்பல் சுற்றுலாவையே வாங்குங்கள்: ஹோனிங்ஸ்வாக். அங்கிருந்து நார்த் கேப் முனைக்கு 34 கிலோமீட்டர், பேருந்தில் போகவே முக்கால் மணி நேரம். கப்பல் நிற்பது மூன்றரை மணி நேரம் போல. கப்பல் ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் பிடித்த டாக்சி தாமதமானால் காத்திருக்காது. (307 மீட்டர் உயரமான அந்தப் பாறைதான் ஐரோப்பாவின் வடகோடி என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே தாழ்வாக நீண்டிருக்கும் க்னிவ்ஸ்கெலோடன் முனை அதைவிட வடக்கே இருக்கிறது!)

இறங்கும்போது படிக்கட்டருகே போட்டிருக்கும் புறப்பாட்டு நேரத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறை அட்டையை ஸ்கேன் செய்துதான் வெளியே விடுவார்கள். பாஸ்போர்ட்டின் நகல், வங்கி அட்டை, அன்றைய மருந்து மூன்றும் கையில் இருக்கட்டும். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குப் பேருந்திலோ விமானத்திலோ உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். கணவன் ஒருபக்கமும் மனைவி ஒருபக்கமுமாகப் பிரிந்து கடைக்குப் போவதுதான் பெரும்பாலும் இதில் கொண்டுபோய் விடும். சந்திக்கும் இடத்தைக் கப்பல் படிக்கட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பதியருக்கு எந்த அறை? (திருநெல்வேலி வாசகர்)

பழைய கப்பல்களில் பல அறைகளில் இரண்டு தனிக் கட்டில்கள்தான். ஒன்றைப் பகலில் சோபாவாக மடித்துவிடுவார்கள். நகர்த்திச் சேர்க்க முடியாது. இரட்டைக் கட்டில் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே அறை வரைபடத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். இரவெல்லாம் துறைமுகங்களில் நிற்பதால் முன்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறைகளில் கப்பலைத் திருப்பும் பக்கவாட்டு விசிறியின் உறுமல் கேட்கும். பின்கோடியில் இயந்திர அதிர்வு இருக்கும். நடுப்பகுதியே நிம்மதி. விலை குறைந்த ஜன்னல் அறைகள் சிலவற்றில் வெளியே உயிர்காப்புப் படகு மறைக்கும். பார்வை தடைபடும் என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கோடையில் போகிறவர்கள் தூங்கும்போது கண்ணை மறைக்கும் பட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

மனைவிக்குப் பேருந்திலேயே குமட்டல் வரும். கடலில் என்ன ஆகும்? (தஞ்சாவூர் வாசகர்)

பயப்பட வேண்டாம். வழியில் பெரும்பகுதி தீவுகளின் மறைவில்தான். திறந்த கடல் வரும் இடங்கள் சில: ஸ்டாட் முனை, ஹுஸ்தாத்விகா, ஃபோல்டா, போடோவுக்கும் லோஃபோட்டன் தீவுகளுக்கும் நடுவே வெஸ்ட்ஃபியோர்ட், லொப்பா கடல், பிறகு நார்த் கேப்பைத் தாண்டிய பேரண்ட்ஸ் கடல். வடக்கே போகும்போது இவற்றில் பல இரவில் வரும். விழித்திருக்கும்போது பாடாய்ப் படுத்துவது பிற்பகலில் வரும் வெஸ்ட்ஃபியோர்டும், ஹோனிங்ஸ்வாக்கை விட்டபின் வரும் மாலையும்தான்.

மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் குமட்டல் வந்தபின் போடுவதால்தான் பலன் தெரிவதில்லை. அவோமின் போன்றவை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போக வேண்டும். அதாவது கப்பல் போடோவில் நிற்கும்போதே. தூக்கம் வரும், மதுவோடு சேரக்கூடாது. கண் அழுத்த நோய் அல்லது சுக்கிலச் சுரப்பி (புராஸ்டேட்) வீக்கம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. வயிறு காலியாகவும் இருக்கக்கூடாது, முட்டவும் கூடாது. நடுத்தளத்தில் அமர்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (காரைக்குடி வாசகி)

கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு, 'சைவம்' என்று மட்டும் எழுதாமல் இறைச்சி, மீன், முட்டை எதெது வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா கொண்டுபோகலாம். நெய், பன்னீர், பால்கோவா கூடாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவருவதை நார்வே தடுக்கிறது. அறையில் சமைப்பதற்கும் இடமில்லை: மின் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் தீ அபாயம் கருதித் தடை.

விசா? (சென்னை வாசகர்)

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. 34 துறைமுகமும் நார்வேக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை நுழைவு விசா போதும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஏறி நார்வே போகும் பெரிய உல்லாசக் கப்பல் என்றால் பிரிட்டன் விசாவும் தனியாக வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடைக்கு மூன்று மாதம் முன்பே நேரம் பதிவு செய்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

அறுபதைத் தாண்டிய இருவர். கப்பலில் டாக்டர் இருப்பாரா? (வேலூர் வாசகி)

இந்தக் கடலோரக் கப்பல்களில் மருத்துவர் கிடையாது. அடுத்த துறைமுகம் சில மணி நேரத்தில் வந்துவிடும் என்பதால் அங்கே இறக்கி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஆகவே காப்பீட்டில் இரண்டைப் படித்துப் பாருங்கள்: ஏற்கெனவே உள்ள நோய் சேருமா, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுசெல்லும் செலவு சேருமா. இருவரில் ஒருவர் மருத்துவமனையில் தங்கினால் மற்றவரின் தங்கும் செலவைத் தரும் திட்டங்களும் உண்டு. அதற்காகச் சற்று அதிகப் பிரீமியம் கட்டலாம். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, பயண நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக, கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.